காருக்கு அடியில் மூன்று குழி நெல்

கார் இன்ஷூரன்ஸ் பத்திரத்தின் பின்பக்கத்தில், விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். வண்டியை நின்ற இடத்திலிருந்து நகர்த்தாதே. போலீசுக்குச் சொல். பார்த்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள். எந்தக் காரணத்தைக் கொண்டும் தப்பு உன்னுடையது என்று ஒத்துக்கொள்ளாதே. இந்தக் கடைசி விதியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் ஒத்துக்கொண்டேன். வாயால் ஒத்துக்கொண்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதுவும் போதாதென்று ஒரு தாசில்தார் முன்னால் நின்று மறுபடியும் ஒத்துக்கொண்டேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. என் வருத்தமெல்லாம் அன்று நெற்றியில் பட்ட அடியைப் பற்றித்தான்.

அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. கார் என் அப்பாவுடையது. அவர் டாக்டர். கண்ணில் புரை விழுந்து ஓட்ட முடியாமல் போனதும் காரை எனக்குக் கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரருக்குக் கொடுக்கவில்லை, எனக்கு. வீட்டுக்காரர் கல்லூரியில் கணக்கு வாத்தியார். கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்குவார். அதை மிதிக்கச் சொன்னால் பிரேக்கை மிதிப்பார். அதனால் ஓட்டுவது நான், பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவது அவர் என்று எங்களுக்குள் ஏற்பாடு. நான் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்த தெருக்காரர்கள் எல்லாம் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். தூங்கிக்கொண்டிருப்பதால் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பற்றிக்கொண்டு வரும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கைக்குத் திருத்துறைப்பூண்டியில் வளைகாப்பு. புளியோதரை எங்கள் பொறுப்பு என்று முடிவாகியிருந்தது. விடியற்காலையில் எழுந்து கிளறி, பெரிய பித்தளைத் தூக்கில் அடைத்து, பின்சீட்டில் துண்டு சுற்றி வைத்துக்கொண்டு கிளம்பினோம். மன்னார்குடியைத் தாண்டும்வரை தூறல்கூட இல்லை.

அந்த நாட்களில் மன்னார்குடிக்குக் கிழக்கே கார் என்றால் இரண்டே அர்த்தம்தான். மிராசுதார் வருகிறார், அல்லது மந்திரி வருகிறார். ஆட்சி மாறி, சட்டங்கள் மாறி, அறுப்புக் கூலிக்கும் குத்தகைக்கும் ஊருக்கு ஊர் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். முச்சந்தியில் ஒரு பக்கம் ஆளுங்கட்சிக் கொடி பறந்தால் எதிர்ப்பக்கம் செங்கொடி பறக்கும். நடுவில் போலீஸ் வேன் நிற்கும். எங்கள் காரைப் பார்த்து டீக்கடையில் இருந்தவர்கள் சிலர் எழுந்து நின்றார்கள். சிலர் வேண்டுமென்றே உட்கார்ந்தார்கள். ஓட்டுவது ஒரு பெண் என்று தெரிந்ததும் எழுந்தவர்களும் உட்கார்ந்தவர்களும் சேர்ந்து வாயைப் பிளந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தரப்புக்கும் ஒற்றுமை இருந்தது.

எங்கள் ஜில்லாவில் தார் ரோட்டைவிடப் பெரிய களம் கிடையாது. குறுவை அறுத்த வைக்கோலை ரோட்டில்தான் காயப்போடுவார்கள். நெல்மணி மிச்சமிருந்தால் பஸ்ஸும் லாரியும் ஏறி உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும். அன்றும் ஒரு வளைவில் ஒரு பர்லாங் தூரத்துக்கு வைக்கோல் பரப்பியிருந்தது. அதன்மேல் அப்போதுதான் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்த கோழி ஒன்று என் காரைப் பார்த்துவிட்டு, ஒதுங்குவதா வேண்டாமா என்று யோசித்தது. நான் பிரேக்கை மிதித்தேன். ஈர வைக்கோலில் பிரேக் மிதிக்கக் கூடாது என்பதை அந்த ஒரு நொடியில் கற்றுக்கொண்டேன். கார் வழுக்கி, அரைவட்டம் அடித்து, சரிவில் இறங்கி, வரப்பை உடைத்துக்கொண்டு சம்பா வயலுக்குள் போய் மூக்கைச் செருகி நின்றது. என் நெற்றி ஸ்டியரிங்கில் நன்றாக மோதியது. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்காரர் கண் விழித்தார். சுற்றிலும் பச்சையாக இருப்பதைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, "புளியோதரை கொட்டிடுச்சா?" என்றார்.

நெற்றி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து முழங்கால் சேற்றில் இறங்கினேன். தூரத்தில் மடை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கோவணம்போல் இறுக்கிக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு. உதவிக்குத்தான் வருகிறார் என்று நினைத்து, கண்ணீர் வருகிற மாதிரி முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டி ஓடினார். கார் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, சேற்றில் சாய்ந்து கிடந்த நாற்றுக் குத்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்த ஆரம்பித்தார். நிமிராமலே திட்டினார்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? நட்டு நாப்பது நாளு. இப்பத்தான் தூரு கட்டி எந்திரிக்குது. இதுல வந்து வண்டிய வுடுறியே, நீ சோறு திங்கிற ஆளா, என்ன ஆளு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சேற்றுக்குள் என் புடவைக் கரையைப் பார்த்தார். ஒரு விநாடி நின்று, "...ங்கம்மா" என்று முடித்தார்.

"தப்பு என்னுதுதாங்க" என்றேன். தடித்த எழுத்து விதி அத்தோடு போயிற்று. கார் நின்று மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது.

எதிர்வயலில் களை பறித்துக்கொண்டிருந்த நாலு பெண்கள் ரோட்டோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். "எந்த ஊரு காரு?" என்று ஒருத்தி கேட்டாள். "பொம்பள ஓட்டுச்சாம்" என்று இன்னொருத்தி. நாலு பேரும் சிரித்தார்கள். என் நெற்றியைப் பற்றி யாருமே கேட்கவில்லை. எனக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

கால் மணி நேரத்தில் சைக்கிளில் ஒருவர் வந்தார். வயலுக்குச் சொந்தக்காரரான மிராசுதாரின் காரியஸ்தர் அவர். மிராசுதார் தஞ்சாவூரில் இருந்தார். நிலத்தை இவர்தான் பார்த்துக்கொண்டார். வெள்ளை வேட்டி, ஆளுங்கட்சிக் கரை, குடை. ஆட்சி மாறிய வாரமே கரையும் மாறிவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் ரோட்டைவிட்டு இறங்கவில்லை. செருப்பில் சேறு படாமல் ஓரத்தில் நின்று, என்னைவிட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"வண்டிக்குச் சேதம் ஒண்ணுமில்லையே சார்? நல்ல வண்டியாச்சே. டிராக்டர அனுப்பச் சொல்லிட்டேன். இழுத்து விட்டதும் நீங்க பாட்டுக்குக் கிளம்பிப் போயிட்டே இருங்க. போலீசு, கேசு ஒண்ணும் வேணாம். நம்ம பண்ணைப் பயிருதான். பெரியவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

இவ்வளவு நல்லவரா என்று நான் உருகிப்போய் நின்றபோது, சேற்றிலிருந்தவர் எழுந்து வந்து காரின் பின் பம்பரில் உட்கார்ந்துகொண்டார்.

"போலீசு வராம வண்டி நவுராதுங்க" என்றார்.

"எந்திரிடா" என்றார் காரியஸ்தர்.

அவர் எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். சற்று முன்பு திட்டிய அதே மனிதர், இப்போது கை கூப்பாத குறையாகப் பேசினார்.

"அம்மா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க மேல ஒரு கம்ப்ளைண்டு குடுத்துக்கறேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. ஒரே ஒரு கேசு. அவ்வளவுதாங்க."

இந்த மாதிரி யாரும் என்னிடம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. விளங்கவில்லை என்றேன். விளக்கினார். பதினெட்டு வருஷமாக அந்த வயலைக் குத்தகைக்குப் பயிர் செய்வது அவர்தான். வருஷம் தவறாமல் குத்தகை நெல்லை அளந்துவிடுவார். ரசீது கேட்டால், என் வார்த்தை போதாதா என்பார்கள். இப்போது குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. பெயர் பதிந்துவிட்டால் வெளியேற்ற முடியாது. இவர் மனுப் போட்டார். உடனே பண்ணையில் இவருக்குக் குத்தகையே விடவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இவன் எங்கள் கூலி ஆள், நாங்களே சொந்தமாகப் பயிர் வைக்கிறோம் என்று பதில் மனு. ஊர்க் கணக்கிலும் அப்படியே எழுதியிருந்தது.

"மார்கழில தாசில்தார் விசாரணைங்க. தோத்துட்டா தையில அறுத்ததோட என்னை எறக்கி வுட்டுருவாங்க. இது என் பயிருன்னு காட்ட, என் பேரு எழுதுன ஒரு துண்டுக் காயிதம் இல்லீங்கம்மா. நீங்க வந்து இப்படி விழுந்தீங்க."

கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதத்தில், நான் கடவுள் அனுப்பி விழுந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் காரியஸ்தரின் நல்ல மனசும் எனக்குப் புரிந்தது. காகிதம் இல்லாமல் கார் போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வழியாகப் போன டவுன் பஸ்ஸின் கண்டக்டரிடம் அடுத்த ஊர் ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பினோம். ஏட்டு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பசி வந்துவிட்டது. வளைகாப்புக்குப் போக வேண்டிய புளியோதரையைத் திறந்தேன். பக்கத்து மேட்டிலிருந்து வாழை இலை நறுக்கி வந்தார்கள். களை பறித்த பெண்கள் சாப்பிட்டார்கள், பம்பரில் உட்கார்ந்தவர் இறங்காமலே சாப்பிட்டார். காரியஸ்தர் முதலில் வேண்டாம் என்றார். எல்லோருக்கும் சமமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும் என்பதுதான் அவருக்குச் சங்கடம். பிறகு குடையை விரித்துச் சாய்த்து, அதன் மறைவில் நின்றபடி சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் சாட்சிகளின் பெயரைக் குறித்துக்கொள் என்று இருந்ததே தவிர, அவர்களுக்குச் சோறு போடு என்று இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அதுவும் ஒரு விதியாகத்தான் இருக்க வேண்டும்.

சாப்பிட்டுக்கொண்டே காரியஸ்தர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "டீச்சர் வேலைல இருக்கீங்க. கேசுன்னு ஆச்சுன்னா மேல எழுதிக் கேப்பாங்க. எதுக்கு வம்பு? இவனுக்குப் பின்னால இருக்கற செங்கொடி ஆளுங்க இன்னிக்குக் கொடி புடிப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க. நாமதான் அலையணும்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். எங்கள் தலைமையாசிரியை, பேனாவில் மை தீர்ந்தால்கூட விளக்கம் எழுதிக் கேட்கிறவர். ஆனால் அந்த 'நாம' என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. காலையிலிருந்து என் முகத்தைக்கூடப் பார்க்காத மனிதருக்கு, திடீரென்று நான் எப்படி 'நாம' ஆனேன்?

ஏட்டு சைக்கிளில் வந்தார். கரைவேட்டியைப் பார்த்து முதலில் ஒரு வணக்கம் வைத்தார். பிறகு வயலைச் சுற்றி வந்து, காகிதத்தை எடுத்து மகஜர் எழுத உட்கார்ந்தார். சம்பவ இடத்தில் என்ன இருந்தது என்று எழுதி, பக்கத்தில் இருப்பவர்களிடம் கையெழுத்து வாங்குவார்களே, அது. கிழக்கே வாய்க்கால், மேற்கே தார் ரோடு என்று எல்லை எழுதினார். நாசமானது எவ்வளவு என்று கேட்டார்.

"மூணு குழிங்க" என்றார் பம்பரில் இருந்தவர். குழி என்பது எங்கள் பக்கத்து நில அளவு. நூறு குழி சேர்ந்தால் ஒரு மா.

"ரெண்டு குழி இருக்கும்" என்றார் காரியஸ்தர்.

"நீங்க எறங்கியே பாக்கலீங்களே."

ஏட்டு மூன்று என்று எழுதினார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், லைசென்ஸ குடுங்க" என்றார்.

"நான்தான் ஓட்டினேன்" என்றேன்.

"சரிம்மா. சார், லைசென்சு?"

இந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வீரம் வந்தது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "நானே ஓட்டினதா எழுதிக்குங்க" என்றார். காரியஸ்தர் உடனே, "அதான் நல்லது, பொம்பளைங்கள எதுக்குக் கோர்ட்டு வாசலுக்கு இழுக்கணும்" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. லைசென்ஸே இல்லாத மனிதர் ஓட்டியதாக எழுதினால் அந்தக் காகிதத்தில் முதல் வரியே பொய். முதல் வரி பொய்யான காகிதத்தை எடுத்துக்கொண்டு குத்தகைக்காரர் எந்தத் தாசில்தார் முன்னால் போய் நிற்பார்? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஓட்டினது நான். வயலுக்குள் விட்டதும் நான். அதையும் வீட்டுக்காரருக்கே கொடுத்துவிட்டால் எனக்கு என்னதான் மிச்சம்?

"இவருக்கு ரிவர்ஸ் எந்தப் பக்கம்னு கேளுங்க" என்றேன்.

ஏட்டு கேட்டார். வீட்டுக்காரர் நேர்மையானவர். யோசித்துவிட்டு, "பின்பக்கம்" என்றார்.

டிராக்டர் வந்திருந்தது. பண்ணை டிராக்டர் இழுத்தால் பண்ணைதான் வயலில் இறங்கியதாக ஆகும் என்று குத்தகைக்காரர் விடவில்லை. அவருடைய மாடுகளைப் பூட்டி இழுக்கலாம் என்றால், அவன் மாடு எங்கள் வயலில் இறங்கக் கூடாது என்று காரியஸ்தர் விடவில்லை. கடைசியில் அடுத்த டவுன் பஸ்ஸை ஏட்டு நிறுத்தினார். பஸ்ஸிலிருந்து பதினைந்து பேர் இறங்கி, எந்தத் தரப்பும் இல்லாமல், காரைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டு, மிச்சமிருந்த புளியோதரையைத் தின்றுவிட்டுப் போனார்கள். ஒரு விளக்கு உடைந்திருந்தது. மற்றபடி கார் கிளம்பியது.

ஸ்டேஷனுக்கு எல்லோரும் வர வேண்டும் என்றார் ஏட்டு. ஏட்டு எனக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் வீட்டுக்காரர் ஒரு ஓரம், காரியஸ்தர் மறு ஓரம். குத்தகைக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் சேறு.

"நீ கீழ குந்திக்க" என்றார் காரியஸ்தர், கால் வைக்கிற இடத்தைக் காட்டி.

"சீட்டுல உக்காருங்க" என்றேன். "என் வண்டி."

அவர் நடுவில் உட்கார்ந்தார், சீட்டின் விளிம்பில், முழங்கால்மேல் காலித் தூக்கை வைத்துப் பிடித்துக்கொண்டு. பதினெட்டு வருஷத்தில் பண்ணையும் குத்தகையும் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. காரியஸ்தரின் வேட்டியில் சேறு ஒட்டிக்கொண்டே வந்தது. நான் கோபத்தில் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன். முதல் வளைவில் ஏட்டு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது வளைவில் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷன் வாசலில் இறங்கியதும் நேராக உள்ளே போய், ஓட்டியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்.

அடுத்தது பயிர். பண்ணை நிலத்தில் இருந்த பயிர் என்று எழுதிவிட்டு, கையெழுத்துக்காகக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"யாரோட பயிர்னு போடலையே."

"நெலம் பண்ணையோடதும்மா."

"நெலத்துக்கு நான் ஒண்ணும் பண்ணலீங்க. அது அங்கயேதான் இருக்கு. நான் அழிச்சது பயிர. பயிர் வச்சவர் பேரப் போட்டாத்தான் கையெழுத்து."

ஏட்டு பெருமூச்சு விட்டு, பேனாவை மூடினார். நல்ல மனிதர்தான், ஆனால் கரைவேட்டி எதிரில் உட்கார்ந்திருந்தது. அவருக்குத் தெரிந்த வழியில் அதைத் தீர்க்கப் பார்த்தார். "புகார் யாரு குடுக்கறா? பண்ணை குடுக்குதா?" என்று கேட்டார்.

காரியஸ்தர் முந்திக்கொண்டார். கேஸே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்ற அவசரம். "பண்ணைக்குப் புகாரே இல்லீங்க. எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. எழுதியே தர்றேன்" என்றார். எழுதியும் கொடுத்தார். அழகான கையெழுத்து. மேற்படி வயலில் பயிர் அழிந்ததில் பண்ணைக்கு யாதொரு நஷ்டமும் இல்லை, புகாரும் இல்லை. கீழே தேதி, கையொப்பம். இதோடு கேஸ் முடிந்தது என்று நினைத்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு நஷ்டங்க. எனக்குப் புகாரு இருக்குங்க" என்றார் குத்தகைக்காரர்.

ஒருவருக்கு நஷ்டமில்லை, இன்னொருவருக்கு நஷ்டம். எழுதுவதற்கு வேறு வழி இல்லை. ஏட்டு பயிர் செய்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டைவிரலை மையில் அமுக்கி வைத்தார். பிறகு அந்தக் காகிதத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்த இடத்தில் தன் பெயர் இருக்கிறது என்று என்னைக் கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன்.

வளைகாப்புக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் நாத்தனார் காலித் தூக்கைத் திறந்து பார்த்தாள். அன்றைக்கு அவள் என்னோடு பேசவில்லை. என் நெற்றியையும் பார்க்கவில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அபராதம் கட்டினேன். குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு நான் சந்தோஷமாக ஆமாம் என்றதைப் பார்த்து, மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். தலைமையாசிரியை விளக்கம் கேட்டார். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் விளக்கம் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்.

மார்கழியில் தாசில்தார் விசாரணைக்குச் சாட்சி சொல்லப் போனேன். பண்ணைக்கு ஒரு வக்கீல் வந்திருந்தார். குத்தகைக்காரர் சலவை வேட்டி கட்டி, சுவர் ஓரமாக நின்றார். தாசில்தார் சின்ன வயசுக்காரர். போலீஸ் காகிதத்தின் நகலையும் காரியஸ்தர் எழுதிக் கொடுத்ததையும் இரண்டு தடவை படித்தார்.

"பயிர் உங்களுதுங்கறீங்க. அழிஞ்சதுல நஷ்டமே இல்லைன்னும் எழுதியிருக்கீங்க. எப்படி?"

காரியஸ்தர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார்.

"பெரிய மனசு பண்ணிச் சொன்னதுங்க" என்றார் காரியஸ்தர் கடைசியில்.

தாசில்தார் என்னிடம் திரும்பினார். "நீங்க விழுந்ததும் இவர் என்ன செஞ்சார்?"

"திட்டினார்."

"என்னன்னு?"

சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். நீ சோறு திங்கிற ஆளா என்பது வரைக்கும். குத்தகைக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார். வக்கீல் எழுந்தார். "கூலி ஆளும்தான் திட்டுவான். அதை வச்சு எப்படிச் சொல்ல முடியும்?"

"கூலிக்குக் களை பறிச்சவங்க நாலு பேரும் அங்கதான் நின்னாங்க" என்றேன். "அவங்க கார் எந்த ஊருன்னு கேட்டாங்க. பண்ணையிலேருந்து வந்தவரு வண்டிக்குச் சேதமான்னு கேட்டாரு. இவரு ஒருத்தருதான் எங்க பக்கமே திரும்பாம பயிர நிமித்திக்கிட்டிருந்தாரு. என் தலை வீங்கிப் போச்சுங்க. அதக்கூடப் பாக்கல. அதுல எனக்கு இன்னும் கோவம்தான். ஆனா அது அவரு பயிர்தாங்க."

தாசில்தார் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

பொங்கல் கழிந்து ஒரு மாலை, தஞ்சாவூரில் எங்கள் வீட்டு வாசலில் அவர் வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார், இந்த முறையும் விளிம்பில்தான். மடியிலிருந்து பாலிதீன் உறையில் சுற்றிய காகிதத்தை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். உத்தரவின் நகல். அவர் பெயர், அப்பா பெயர், சர்வே நம்பர், குத்தகைச் சாகுபடிதாரர் என்று பதிவு செய்ய உத்தரவிடப்படுகிறது. நான் படிக்கப் படிக்க அவர் வாய் அசைந்தது. மூன்று தடவை படிக்கச் சொன்னார். அந்தப் பெயரை நான் வாசிக்கும் ஒவ்வொரு முறையும், வேறு யாரையோ சொல்வதுபோல் கவனமாகக் கேட்டார்.

"அறுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"ஆச்சுங்க. அந்த மூணு குழியும் பொழச்சுக்கிச்சு. போன எடத்துல மட்டும் மறுபடி வச்சேன்."

காபி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காகிதத்தை மறுபடி உறையில் சுற்றி மடியில் செருகினார். எழுந்து வாசல்வரைக்கும் போனார். செருப்பை மாட்டிக்கொண்டவர் திரும்பி நின்று, முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்குக் கேக்கவே இல்லீங்கம்மா" என்றார். "அடி ஏதும் பட்டுச்சுங்களா?"

நெற்றியில் ஒன்றும் மிச்சமில்லை. வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. பரவாயில்லை, ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்ல நினைத்தேன்.

"பட்டுச்சுங்க" என்றேன். "நல்லாவே பட்டுச்சு."

அவர் கிட்டே வந்து, குனிந்து, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தைப் பொறுமையாகப் பார்த்தார்.